வீத்தெக்கைத் தேடியபோது கூட வந்தவர்களுக்கு

வணக்கம்.

மகளின் பள்ளி வேலையாகத்தான் இது தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு நம் ஊரிலிருந்து போன ஒருவரைப் பற்றிப் பேச வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். சிகாகோவில் ஆளுக்கா பஞ்சம்? அவள் ஃபிராங்க் பீட்டர் வீத்தெக்கைப் பிடித்துக்கொண்டாள். அவர் படித்த கிரேன் டெக்னிக்கல் பள்ளி நாங்கள் போகும் பேருந்து வழியில் இருக்கிறது, அவ்வளவுதான் காரணம். பேச்சு போன வாரம் முடிந்தது. நேரில் சொன்ன நன்றி போதவில்லை என்று தோன்றியதால் இந்த மடல்.

முதலில் கீழ்வீட்டுப் போலந்துப் பாட்டிக்கு. "விட்டெக்" என்று நாங்கள் சொன்னதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டீர்கள். "வீத்தெக்! வீத்தோல்ட் என்ற பெயரைச் செல்லமாகச் சுருக்கினால் அப்படித்தான்" என்று நாலு தடவை சொல்ல வைத்தீர்கள். அதுவரை பதக்கப் பட்டியலில் கிடந்த பெயர், யாரோ வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடும் பெயராக மாறிவிட்டது. அவர் இறந்தது 1944 ஆகஸ்ட் 3 என்றதும் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். ஜெர்மானியரை எதிர்த்துப் போலந்து மக்கள் கிளம்பிய வார்சா எழுச்சி தொடங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது என்று அப்புறம் சொன்னீர்கள்.

நூலகத்தில் உட்கார்ந்து தேதிகளைத் தேடித் தந்த அம்மாவுக்கு நன்றி. வீத்தெக் பிறந்தது 1921 டிசம்பர் 10, கனெக்டிகட்டின் டெர்பியில். ஒன்பது வயதில் சிகாகோ வந்தவர். பள்ளிக்குப் பின் டிரான்ஸ்ஃபார்மர் கம்பெனியில் வேலை. இதெல்லாம் எங்களுக்கே கிடைத்தது. ஆனால் பசிபிக்கில் அமெரிக்காவிடம் இருந்த குவாம் தீவு ஜப்பானியர் கைக்குப் போன நாள் 1941 டிசம்பர் 10, அவருடைய இருபதாவது பிறந்தநாள் என்பதை விரல் வைத்துக் காட்டியது நீங்கள்தான். அடுத்த மாதமே அமெரிக்காவின் மரைன் படையில் சேர்ந்தார். போகன்வில் என்ற இன்னொரு பசிபிக் தீவில் சண்டையிட்டுவிட்டு, கடைசியில் போய் இறங்கியது அதே குவாமில்.

அமெரிக்கப் படைகளின் மிக உயர்ந்த விருதான மெடல் ஆஃப் ஆனர் அவருக்குக் கிடைத்தது; அதன் சான்றுரையை வரி வரியாக விளக்கிய அலுவலக நண்பருக்கு என்ன சொல்ல? நீங்களும் மரைனாக இருந்தவர் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். குவாமின் ஃபினெகாயனில் மறைவிடங்களிலிருந்து திடீரென்று குண்டு பாய்ந்தபோது எல்லாரும் படுக்க, வீத்தெக் நின்றபடியே தன் தானியங்கித் துப்பாக்கியைக் காலி செய்தார். எதிரிகள் எட்டுப் பேர் விழுந்தார்கள். கடைசியில் கையெறி குண்டுகளோடு இயந்திரத் துப்பாக்கிக்கு ஐந்து, பத்து கஜம் வரை நெருங்கி அதை அழித்தார். இன்னும் எட்டுப் பேர். அங்கேதான் அவரும் சுடப்பட்டார். வயது 22. நான் இந்த இரண்டையும்தான் படித்திருந்தேன். நடுவில் உள்ள வரியை மறுபடி படிக்கச் சொன்னீர்கள். படை பின்வாங்கும்போது, மோசமாகக் காயம்பட்ட ஒரு தோழனுக்குக் காவலாக அவர் மட்டும் நின்றுவிட்டார். ஸ்ட்ரெச்சர் வரும்வரை சுட்டார். தூக்கிக்கொண்டு போனபோதும் பின்னோக்கி நடந்தபடியே சுட்டுக் காத்தார். "இதுதான் எங்கள் ஆட்கள் பேசிக்கொள்வது" என்றீர்கள். அந்தத் தோழனின் பெயரோ, தூக்கிப் போனவர்களின் பெயரோ சான்றுரையில் இல்லை.

ராக் ஐலண்ட் தேசியக் கல்லறையில் வழி காட்டிய பணியாளருக்கும் நன்றி. முதலில் குவாமிலேயே புதைத்தவரை 1949-ல் இங்கே கொண்டுவந்தார்கள். கல்லில் ஒட்டியிருந்த ஈர இலையை நீங்கள் கையாலேயே துடைத்தீர்கள். பொன்னெழுத்து அப்போதுதான் தெரிந்தது.

திரும்பும் வழியில் சோல்ஜர் ஃபீல்டைக் கடந்தோம். 1945 மே 20 அன்று ஐம்பதாயிரம் பேர் கூடிய அந்த மைதானத்தில்தான் அவருடைய அம்மாவிடம் மெடல் ஆஃப் ஆனரைக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு மகன் பெயரில் ஒரு போர்க்கப்பலையும் அவரே கடலில் இறக்கிவைத்தார். ஐம்பதாயிரம் பேருக்கு நடுவில் அந்த அம்மா எங்கே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று என் மனைவி கேட்டாள். காரில் யாரும் பதில் சொல்லவில்லை.

மகள் தன் பேச்சில் பதினாறு என்ற எண்ணையே எடுத்துவிட்டாள். ஸ்ட்ரெச்சரோடு முடித்துக்கொண்டாள். மதிப்பெண் குறையுமோ என்று நான் கவலைப்பட்டேன். அப்படியே விட்ட ஆசிரியைக்கும் நன்றி.

பாட்டி, நீங்கள் பியரோகி கொழுக்கட்டை தந்த டப்பா எங்களிடம்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறோம். வெறும் டப்பாவாகத் தர மாட்டோம்.