கப்படோக்கியா குவாட் பைக் பயணம்: இந்த முறை ஏன் இத்தனை மாற்றங்கள்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். துருக்கி குழுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் பலரும் போனில் ஒரே விஷயத்தைத்தான் கேட்கிறீர்கள், அங்கே கப்படோக்கியா பகுதியில் நாம் ஓட்டப்போகும் குவாட் பைக், அதாவது மண் பாதையில் ஓட்டும் நான்கு சக்கர மோட்டார் வண்டி பற்றி. "போன தடவை ஒரு பைக்கில் ரெண்டு பேர் போனாங்களே, இப்ப ஏன் ஆளுக்கு ஒண்ணு? கட்டணம் ஏன் கூடியிருக்கு? அரை மணி நேரம் பயிற்சி எதுக்கு?" நியாயமான கேள்விகள். ஒவ்வொருவரிடமும் அவசரமாகச் சொல்லி முடிப்பதைவிட நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

போன முறை நம் குழுவில் ஒரு அம்மா வந்திருந்தார். இருபது வருடமாகத் தினமும் ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். கப்படோக்கியாவில் உள்ள கோரேமே ஊருக்கு வெளியே குவாட் பைக்கில் போகும்போது, மண் பாதையில் முன்னால் போன வண்டி சட்டென்று நின்றது. இவரும் பிரேக் பிடித்தார். பிடித்த கையோடு, நாம் எல்லோரும் சிக்னலில் செய்வதுபோல, இடது காலை இறக்கித் தரையில் ஊன்றினார். வண்டி இன்னும் முழுதாக நிற்கவில்லை. பின் சக்கரம் குதிகால்மேல் ஏறிவிட்டது. கனமான ஷூ போட்டிருந்ததால் எலும்பு தப்பியது. ஆனால் கணுக்கால் வீங்கி, மீதிப் பயணம் முழுக்க நொண்டிக்கொண்டே வந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. ஓட்டிப் பழகிய கை கால் அப்படித்தான் செய்யும். அதை முன்கூட்டியே சொல்லாதது என் தவறு. அவரிடம் நேரில் போய் மன்னிப்பும் கேட்டேன்.

குவாட் பைக்குக்கு நான்கு சக்கரம், நின்றாலும் சாயாது. அதனால் கால் ஊன்றவே தேவையில்லை. கால் வைக்கும் இடத்துக்கு நேர் பின்னால் பெரிய டயர் சுழல்கிறது. வண்டி முழுதாக நிற்கும் வரை இரண்டு காலும் மேலேதான் இருக்க வேண்டும். ஆக்சிலரேட்டரும் வேறு மாதிரி. ஸ்கூட்டரில் கைப்பிடியை முறுக்குவோம். இங்கே வலது கட்டைவிரலால் ஒரு சின்ன நெம்புகோலை அழுத்த வேண்டும். பயந்துபோய்க் கைப்பிடியை இறுகப் பற்றினால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்திவிடும், வண்டி பாயும். அப்புறம் உடம்பு. மேட்டில் ஏறும்போது முன்னால் குனிய வேண்டும், இறங்கும்போது பின்னால் நகர வேண்டும், திரும்பும்போது திரும்புகிற பக்கம் சாய வேண்டும். இதையெல்லாம் சமதரையில் அரை மணி நேரம் சுற்றிப் பழகினால்தான் பள்ளத்தாக்குக்குள் இறங்கும்போது பதறாமல் இருக்கலாம். பயிற்சி அதற்குத்தான்.

ஆளுக்கு ஒரு வண்டி என்பதற்கும் இதே காரணம்தான். பின்னால் ஒருவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் ஓட்டுபவரால் முன்னும் பின்னும் நகர முடியாது. ஒருவருக்கென்றே செய்த வண்டிகள் பலவற்றில் ஆள் ஏற்றாதீர்கள், 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களிடம் கொடுக்காதீர்கள் என்று ஸ்டிக்கரே ஒட்டியிருக்கும். வாடகைக்கு விடும் இடங்களில் இதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. நாங்களும் போன முறை பார்த்தும் பார்க்காமல் விட்டோம். இனி விடமாட்டோம். வண்டிகள் கூடுவதால்தான் கட்டணமும் கூடுகிறது.

வேகத்தைப் பற்றியும் சிலர் குறைப்பட்டுக்கொண்டீர்கள். கைடு முன்னால் போவார், அவரை யாரும் முந்தக் கூடாது, இடைவெளி விட்டுத்தான் போக வேண்டும். காரணம் புழுதி. அங்குள்ள பாறை எரிமலைச் சாம்பல் இறுகி உருவானது. கையால் தடவினால் விரலில் மாவு மாதிரி ஒட்டும். முன்வண்டி கிளப்பும் புழுதி அடங்குவதற்குள் நெருங்கினால் எதிரே பள்ளமா மேடா என்றே தெரியாது. பாதையை விட்டு விலகினால் அந்த மென்மையான நிலம் அரித்துப் போகும். பள்ளத்தாக்குக்குள் திராட்சைத் தோட்டங்களும் உண்டு. 1985இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. நாம் போய்விட்டு வந்த தடம் அங்கே தங்கக் கூடாது.

மெதுவாகப் போனால்தான் பார்க்கவும் முடியும். மென்பாறை மழையிலும் காற்றிலும் கரைந்து, மேலே கெட்டிக் கல் மட்டும் தொப்பி போட்டதுபோல் நிற்கும் கூம்புகளை அந்த ஊரில் தேவதைப் புகைபோக்கி என்பார்கள். பாறை முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னத் துளைகள் தெரியும். அவை புறாக்கூடுகள். புறா எச்சத்தைத் திராட்சைக்கு உரமாகப் போடுவதற்காகக் குடைந்தவை. எனக்கு அங்கே மிகவும் பிடித்தது இதுதான். ரோஜாப் பள்ளத்தாக்கிலும் செம்பள்ளத்தாக்கிலும் மாலை வெயில் சாயும்போது பாறை இளஞ்சிவப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு மாறும். வானம் தெளிந்திருந்தால் தூரத்தில் 3,900 மீட்டருக்கு மேல் உயரமான எர்சியஸ் எரிமலையும் தெரியும். அதனால்தான் கோடைப் பயணங்களில் மதிய வெயிலைத் தவிர்த்து மாலை நேரத்தை எடுத்திருக்கிறோம்.

உடை விஷயத்தில் பெண்களிடம் ஒரு வேண்டுகோள். சேலை, துப்பட்டா, தொங்கும் ஷால் எதுவும் வேண்டாம். காற்றில் பறந்து பின் சக்கரத்தில் சுற்றினால் கழுத்துக்கே ஆபத்து. முழுக்கால் பேன்ட், கணுக்காலை மூடும் ஷூ, மூக்கு வாய் மறைக்க ஒரு பருத்திக் கைக்குட்டை, கண்ணாடி போதும். ஹெல்மெட் அங்கே தருவார்கள். தலையில் ஆடாமல் நிற்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், ஆடினால் கூச்சப்படாமல் மாற்றிக் கேளுங்கள்.

இன்னொன்று, பல பயண இன்சூரன்ஸ் பாலிசிகளில் குவாட் பைக் விபத்துக்குப் பணம் கிடைக்காது. உங்கள் பாலிசியை வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறோம்.

ஓட்ட விருப்பமில்லாதவர்கள், முதுகுவலிக்காரர்கள், 16 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் எல்லோருக்கும் அதே மாலையில் ரோஜாப் பள்ளத்தாக்கில் கைடுடன் நடைப்பயணம் வைத்திருக்கிறோம். பாறையைக் குடைந்து கட்டிய பழைய தேவாலயங்களுக்குள் நுழைந்து பார்க்க நடந்து போவதுதான் வசதி. அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஏற்கெனவே பைக்குக்குப் பணம் கட்டிவிட்டு இப்போது மாற்றிக்கொள்ள நினைத்தால் முழுத் தொகையும் திருப்பித் தருவோம். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்னால் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்