கட்டிலை மூலையில் போடாதே

கண்ணா,

நீ எழுதிய நாடகப் பிரதி கூரியரில் வந்தது. சாயங்காலம் மும்பையில் டெக்கான் குவீன் ரயில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புனே வந்துவிடலாம், நீயே கொண்டு வந்திருக்கலாம். போகட்டும், ஒத்திகை இருந்திருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

முதல் அங்கம் நன்றாக வந்திருக்கிறது, பெருமையாக இருந்தது. இரண்டாம் அங்கத்தில் ஃபிளாட் பங்கு பேசுவது நீளம். சதுர அடிக் கணக்குகூட நம் வீட்டுக் கணக்காகவே இருக்கிறது.

அந்த அம்மாவுக்குப் பார்க்கின்சன் என்று எழுதியிருக்கிறாய். வேறு வியாதி கிடைக்கவில்லையா? சரி, எழுதியாயிற்று, ஒழுங்காகச் செய். கை நடுங்குவது சும்மா மடியில் கிடக்கும்போதுதான்; டம்ளரை எடுக்க நீட்டினால் பெரும்பாலும் அடங்கிவிடும். நீ எழுதியபடி டீயைச் சிந்திக்கொண்டே இருந்தால், வீட்டில் நோயாளி இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நடுக்கம் ஒரு பக்கம்தான் தொடங்கும், பிறகும் அந்தப் பக்கம்தான் அதிகம். முகத்தில் உணர்ச்சி தெரியாது. குரல் இறங்கிவிடும், கடைசி வரிசைக்கு எட்டாது. அதற்காக மைக் வைக்காதே. அவள் முணுமுணுப்பதை மருமகள் உரக்கத் திருப்பிச் சொல்லட்டும், ஒவ்வொரு முறையும் தப்பாகச் சொல்லட்டும். சிரிப்பு தானாக வரும்.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும். அப்போது பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவாள். தரையில் குறுக்கே கோடுகள் இருந்தால் ஒவ்வொன்றாகத் தாண்டி நடந்துவிடலாம். உன் நாடகத்துப் பிள்ளைகள் வீட்டைப் பிரிக்கச் சாக்பீஸில் கோடு போடுகிறார்களே, அந்தக் கோடுகளைத் தாண்டியே அவள் வெளியே நடந்து போகட்டும்.

கட்டிலை மூலையில் போட்டிருக்கிறாய். நடுவில் போடு, சண்டை போடுகிறவர்கள் பத்திரத்தை அவளுக்கு மேலேதான் நீட்ட வேண்டும். தலைமாட்டை 30 டிகிரி தூக்கு, இல்லாவிட்டால் முன்வரிசைக்குப் பாதம்தான் தெரியும்.

மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். பாலோடு கொடுக்கிறான் உன் மூத்தவன். புரதம் அந்த மருந்தை ஏற விடாது, மாற்று. நான்கு பேரும் கத்திக்கொண்டு மாத்திரை கொடுக்க மறப்பதைத் துல்லியமாக எழுதியிருக்கிறாய். அது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை.

மேடையில் யாரும் சிரிக்கக் கூடாது. 1974இல், உன் நாடகம் நடக்கப்போகிற இதே பரத் நாட்ய மந்திர் அரங்கில் வந்த ‘மகாநிர்வாண்’ நாடகத்தில், செத்த அப்பா எழுந்து நின்று கீர்த்தனம் பண்ணுகிறார், பழைய சுடுகாட்டில்தான் எரிக்க வேண்டும் என்று அடம் பிடிக்கிறார். எல்லாரும் அதை முழு சிரத்தையாகச் செய்வதால்தான் நமக்குச் சிரிப்பும் வருகிறது, வயிற்றையும் கலக்குகிறது. உன் அண்ணன் பெட்பேன் காட்சியை எடுத்துவிடச் சொல்கிறான். எடுக்காதே. விஜய் தெண்டுல்கரின் ‘கிதாடே’ நாடகத்தில் சிவப்புக் கறைக்குத் தணிக்கை தடை சொன்னபோது, அதை இயக்கிய ஸ்ரீராம் லாகூ நீலக் கறை வைத்தார், அதைச் சிவப்பாக நினைத்துக்கொள்ளும்படி முன்பே அறிவித்துவிட்டு.

ஒத்திகையென்று பட்டினி கிடக்காதே.

நாடகம் ஞாயிறு ஐந்தரைக்கு என்று அண்ணி சொன்னாள், நீ சொல்லவில்லை. ஐந்து மணிக்கு நான் மாத்திரை போட்டால் ஏழரை வரை தாங்கும், அதனால் இரண்டாம் அங்கத்தைச் சுருக்கு. படி ஏறாத வரிசையில் எனக்கு ஓரத்து இருக்கை போடு. உன் அண்ணனை என் பக்கத்தில் உட்கார வைக்காதே, எதிர்ப்பக்க ஓரத்தில் வை. சாக்பீஸ் காட்சியில் எனக்கு அவன் முகம் தெரிய வேண்டும்.

அநேக ஆசீர்வாதம்.
அம்மா