செயலாளர் ஆண்டறிக்கை: வன்னியில் ஊனம் 2009இல் தொடங்கவில்லை

தலைவர் அவர்களே, போஷகர் ஐயா அவர்களே, நிர்வாக சபையினரே, எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்க உறவுகளே, எல்லோருக்கும் வணக்கம்.

வழமையான விஷயங்களை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாரியில் வீதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்த மாதம் தவிர மற்ற மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. சந்தா நிலுவை பற்றிப் பொருளாளர் சொல்வார், அவர் சொன்னால்தான் கொஞ்சம் பயம் இருக்கும். பொதுநோக்கு மண்டபத்துக்குச் சரிவுப்பாதை கேட்டுக் கொடுத்த கடிதம் ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குப் போய்த் திரும்பவும் முதற் கந்தோருக்கே வந்து நிற்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமை பற்றிய 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைப் பிரதி எடுத்து இணைத்துக் கொடுத்தும் அதுதான் நிலை. இன்றைக்கும் சக்கர நாற்காலியில் வந்தவர்களைப் பெடியள்தான் தூக்கி உள்ளே கொண்டுவந்தார்கள்.

சரி, இந்த ஆண்டில் எங்கள் நேரத்தில் பெரும்பங்கை எடுத்தது வாசிப்பு வட்டத்தின் வரலாற்றுக் கதை முயற்சி. "சங்கத்துக்கு என்னத்துக்குக் கதை, ஏதும் வாழ்வாதாரத் திட்டம் கொண்டு வாங்கோ" என்று பின்வரிசையில் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. கதையை ஏன் தொட்டோம் என்றால், வெளியிலிருந்து யார் வந்தாலும் எங்களிடம் கேட்கும் முதற் கேள்வி "எந்த இடத்தில, எந்த வருஷம் காயம்?" என்பதுதான். பிறவியிலேயே காது கேளாத தங்கச்சியிடமும் அதே கேள்வி, பாரிசவாதம் வந்த பெரியம்மாவிடமும் அதே கேள்வி. வன்னியில் ஊனம் என்றால் ஷெல், மிதிவெடி, போர் முடிந்த 2009 என்று முடிவுகட்டி விட்டார்கள். அப்படியென்றால் அதற்கு முந்தின நூற்றாண்டுகளில் இந்தக் காட்டிலும் குளக்கட்டிலும் கால் போனவரும் கண் தெரியாதவரும் இருக்கவே இல்லையா, இருந்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்று ஒரு கூட்டத்தில் கதை எழும்பியது. அப்படிப்பட்டவர்கள் தாங்களே எழுதி வைத்தது எதுவும் எங்கள் கையில் இல்லை. ஆகவே நாங்களே எழுதிப் பார்ப்போம் என்று தீர்மானித்தோம். நிபந்தனை ஒன்றுதான்: ஆட்கள் கற்பனையாக இருக்கலாம், காலமும் நோயும் சட்டமும் உண்மையாக இருக்க வேண்டும்.

தேடத் தொடங்கியதும் விஷயத்துக்குப் பஞ்சம் இல்லை. 1802இல் இலங்கையில் அம்மைப்பால் கட்டத் தொடங்கினார்கள் என்றாலும், அதற்குப் பிறகும் நெடுங்காலம் பெரியம்மை கண்களைப் பறித்துக்கொண்டுதான் இருந்தது. பறங்கி நோய் இன்னொன்று. சிறுவயதில் தோலில் புண்ணாகத் தொடங்கி, வருடங்கள் கழித்து எலும்பை வளைத்து, உள்ளங்காலை வெடிக்க வைத்து ஆளை நடக்க விடாமல் செய்யும். 1881இல் கின்சி என்ற வைத்திய அதிகாரி இதைப் பற்றியே தனி அறிக்கை எழுதும் அளவுக்கு அது இந்தத் தீவில் பரவியிருந்தது. பென்சிலின் வந்த பிறகு அது இலகுவில் சுகமாகும் நோயாயிற்று. கரடி முகத்தைக் கிழிப்பதும், மிருகங்களுக்குப் பொறியாகக் கட்டிவைக்கும் கட்டுத்துவக்கு காலைச் சிதைப்பதும் பற்றி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, கட்டுத்துவக்கில் காயப்பட்டவர் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்.

வந்த கதைகளில் முதல் வரைவுகள் பல சரியில்லை. அதை மறைத்து அறிக்கை எழுதுவதில் பயன் இல்லை. கண் தெரியாதவர் என்றால் எல்லாக் கதையிலும் அவர் பாடுகிறார். எங்கள் உறுப்பினர் அண்ணர் ஒருவர், அவருக்கும் பார்வை இல்லை, கேட்டுக் கேட்டுச் சலித்துப்போய், "எனக்குப் பாட்டே வராது, நான் பாய் இழைக்கிறனான், அப்ப நான் கதைக்குள்ள வர ஏலாதோ?" என்று கேட்டார். வற்றாப்பளைப் பொங்கலன்று கண்ணகை அம்மன் கண்ணைத் திறந்துவிட்டதாக முடித்த கதைகளும் வந்தன. அம்மனில் எங்களுக்கும் பக்தி உண்டு, ஆனால் ஆளைச் சுகப்படுத்தாமல் கதையை முடிக்கத் தெரியாதது எழுதுகிறவரின் பிரச்சினை. இராமாயணத்துக் கூனியைப் போல, முதுகு வளைந்தவர் என்றாலே சூழ்ச்சிக்காரர் என்று எழுதியதும் ஒன்று இருந்தது, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டோம்.

மறுபக்கப் பிழையும் உண்டு. பழைய காலத்து ஆட்கள் எல்லோரும் கல்நெஞ்சக்காரர் என்று சிலர் எழுதினார்கள். புறநானூற்றின் 28ஆம் பாட்டு குருடு, கூன், குறள், ஊமை, செவிடு என்று எட்டு வகையை அடுக்கி, அவற்றால் பயன் இல்லை என்கிறது. மணிமேகலையில் ஆபுத்திரனோ பார்வை இல்லாதவரையும் காது கேளாதவரையும் கால் முடமானவரையும் கூப்பிட்டுச் சோறு போடுகிறான். இரண்டும் எங்கள் முன்னோர் சொன்னதுதான். இதை டிசம்பர் 3, சர்வதேச மாற்றுத்திறனாளிகள் தினக் கூட்டத்தில் வாசித்தபோது தையல் வேலை செய்யும் எங்கள் அக்கா ஒருவர் எழும்பி, "சோறு போட்டவை சரி, வேலை குடுத்தவையோ?" என்று கேட்டார். அன்றைய கூட்டத்தில் அதற்கு மேல் உருப்படியாக யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை, மைக் பிடித்த நான் உட்பட.

அந்தக் கேள்விக்குப் பிறகு கதைகள் மாறின, வேலை செய்து பிழைத்தவர்களைத் தேடத் தொடங்கினோம். சிலப்பதிகாரத்தில் பாண்டிமாதேவியோடு கூனரும் குறளரும் பணியாளராக நடந்து வருகிறார்கள், அது வேலைதான், ஆனால் அரண்மனைக்கு அலங்காரமான வேலை. இரட்டைப்புலவரில் ஒருவருக்குப் பார்வை இல்லை, மற்றவருக்குக் கால் ஏலாது, ஒருவர் தோளில் ஒருவர் ஏறி ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பிழைத்தார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் பேச்சுத் தடையோடு இருந்த ஊமைத்துரை 1801இல் படையையே நடத்தினார். வன்னியில் இப்படிப் பெயர் பெற்றவர் கதை வேண்டாம், பெயரில்லாதவர் கதை வேண்டும் என்று அக்காவே சொல்லி, இரவில் பரணில் இருந்து பன்றியும் யானையும் கலைக்கும் கால் ஏலாத காவற்காரனைக் கதைக்குள் கொண்டுவந்தார். சூடு மிதிக்கும்போது அவனுக்கு எத்தனை மரக்கால் நெல் அளப்பது என்று களத்தில் நடக்கும் வாக்குவாதம்தான் கதை முழுவதும். எனக்குப் பிடித்தது அது.

இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று 1803, வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் வெள்ளைக்காரரின் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிய ஆண்டு. கற்சிலைமடுவில் நடுகல் இருக்கிறது, அவன் தோற்ற நாளும் தோற்கடித்த வெள்ளைக்காரக் கப்டனின் பெயரும் அதில் உண்டு. சண்டையில் கை போனவன் வீட்டுக்கு வந்த பிறகு என்ன ஆனான் என்று எந்தக் கல்லிலும் இல்லை. கதையில் முதல் வருடம் ஊரே அவனைப் பார்க்க வருகிறது, அடுத்த வருடம் சொந்தக்காரர் வருகிறார்கள், அதற்கடுத்த வருடம் அவனுடைய உழவு மாட்டை யாருக்கு விற்பது என்று அவனைக் கேட்காமலே பேசுகிறார்கள். எழுதியவர் ஒரு கை இல்லாதவர், எதையும் அவர் தேடிப் பிடிக்கத் தேவையிருக்கவில்லை.

மற்றது 1841ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டத்தை வைத்து எழுதியது. காயத்தையோ ஊனத்தையோ தொழுநோயையோ காட்டிப் பிச்சை கேட்டால் குற்றம் என்று அந்தச் சட்டம் சொன்னது. அதுவரை கோயில் வாசலில் ஊனமுற்ற பிச்சைக்காரருக்குக் காசு போடுவது புண்ணியம், அதற்குப் பிறகு அவர் அங்கே ஊனத்தைக் காட்டிக் கையேந்துவதே குற்றம். ஓய்வுபெற்ற நீதிமன்ற எழுதுவினைஞர் ஒருவர் எழுதியபடியால் நடுவில் பாதி வழக்கேடு போல இருக்கிறது, வெட்டச் சொல்லியிருக்கிறோம், மனிதர் மறுக்கிறார். 1912இல் தொடங்கிய, காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்குமான இரத்மலானைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பப்படும் காது கேளாத சிறுமியின் கதை இன்னும் முடியவில்லை. யாழ்ப்பாணம் கைதடியில் அப்படியொரு பள்ளி வந்தது 1956இல்தான், அதுவரை கொழும்புப் பக்கம் போவதென்றால் தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்பதில் எழுதும் தங்கச்சி மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

புதிய நிர்வாக சபை முடிவெடுக்க வேண்டியவை: கதைகளை அச்சிடுவதா, ஒலிப்பதிவு செய்வதா. பார்வையற்ற உறுப்பினர்கள் ஒலிப்பதிவுதான் முதலில் வேண்டும் என்கிறார்கள், என் வாக்கும் அதற்கே. சரிவுப்பாதைக் கடிதத்தை நேரில் கொண்டுபோக ஒரு குழுவும் தெரிவுசெய்ய வேண்டும். இனிப் பொருளாளர் கணக்கறிக்கையை வாசிப்பார், நிலுவைக்காரர் எழும்பிப் போக வேண்டாம்.

நன்றி,
செயலாளர்