பொருள்: பத்தின் மைனஸ் அடுக்குக்கு உங்கள் மென்பொருள் காட்டும் பூஜ்யம்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். மார்த்தாண்டத்தில் சிறிய நீர்ப் பரிசோதனைக் கூடம் நடத்துகிறேன். ஒருவர் மாற்றி ஒருவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்த பிறகே இதை எழுதுகிறேன்.

திருவட்டாறு பக்கத்துக் கிணற்று நீரில் நைட்ரேட் பார்த்தோம். கருவி 524 என்ற எண்ணையும் மைனஸ் 1 என்ற அடுக்கையும் தனித்தனியாகத் தந்தது. பத்தின் அடுக்கு மைனஸ் 1 என்றால் பத்தில் ஒன்று; அதை 524ஆல் பெருக்கினால் லிட்டருக்கு 52.4 மில்லிகிராம் வர வேண்டும். உங்கள் மென்பொருள் அந்தப் பத்தில் ஒன்றின் பின்னத்தை வெட்டிப் பூஜ்யமாக்கி, 0 என்று அச்சடித்தது. குடிநீருக்கான இந்தியத் தர வரம்பு 45. கைக்குழந்தைக்குப் பால்மாவு கலக்கும் வீட்டுக்கு அந்த அறிக்கை போயிருந்தால் யார் பதில் சொல்வது? 10 என்பதை 10.0 என்று அடித்தால் மட்டும் விடை சரியாக வருவது உங்களுக்குத் தெரியாததா?

உங்கள் நாகர்கோவில் அலுவலக இளைஞர், கணினியையே கொண்டுவரச் சொன்னார். மழையில் அதைப் பாலித்தீனில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்து வடசேரி வரை வந்தேன். திரையைக்கூடப் பார்க்காமல், "முழு எண் கொடுத்தால் முழு எண்தான் வரும், உங்களுக்குக் கணக்குப் புரியவில்லை" என்றார், என் உதவியாளர் முன்னிலையில். எட்டாம் வகுப்புப் பாடம் ஐயா இது!

ஃபோர்ட்ரான் என்ற நிரல்மொழியிலும் பத்தின் மைனஸ் 1 அடுக்குக்கு 0தான் என்று வேறு வாதாடினார். உண்மைதான், அது அந்த மொழியின் விதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் கையேட்டில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது? பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழி 0.1 தருகிறது. பைத்தானின் கணக்கீட்டுத் தொகுப்பான நம்பை (NumPy), 2017இல் வந்த 1.12 பதிப்பிலிருந்து, முழு எண் வரிசைகளுக்கு மைனஸ் முழு எண் அடுக்கு கொடுத்தால் பிழை காட்டி நின்றுவிடுகிறது. அடுக்கின் குறியைப் பார்த்து விடையின் வகை (முழு எண்ணா, தசம எண்ணா என்பது) மாறக்கூடாது என்பது உங்கள் கொள்கையானால், அப்படியே நிறுத்துங்கள். சத்தமில்லாமல் பூஜ்யம் தருவது பொய் சொல்வதுதான்.

பழைய அறிக்கைகளையெல்லாம் தோண்டி எடுத்துச் சரிபார்க்கிறோம். என் பிழைப்பே நாசமாகிவிட்டது. தயவுசெய்து மென்பொருளைத் திருத்தி, தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டு, ஆண்டுக் கட்டணத்தைத் திருப்பித் தாருங்கள். இம்மாத இறுதிக்குள் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் சந்திப்போம். தொழிலுக்கு வாங்கியது என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவனும் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர்தான்.

பதில் சொல்ல அந்த இளைஞரை மட்டும் அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
மார்த்தாண்டம்