ஒன்றரை நிமிஷம்னா அரைகுறை இல்லைங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயிறு உங்க பேப்பர்ல ஸ்ட்ரிங் குவார்டெட் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன், ரெண்டு வயலின் ஒரு வயோலா ஒரு செல்லோன்னு பொறுமையா விளக்கியிருந்தீங்க, ரொம்ப சந்தோஷம். ஆனா கடைசியில, சின்ன பீஸ் எல்லாம் ஸ்டூடண்ட்ஸ் கை பழகுறதுக்கு, நாலு மூவ்மென்ட், அதாவது நாலு பகுதி, அரை மணி நேரம் இருந்தாதான் முழுசுன்னு ஒரு வரி இருந்துச்சு, அதை அப்படியே விட மனசு வரல.

ஆஸ்திரியா கம்போசர் வெபர்ன் 1911லயும் 1913லயும் குவார்டெட்டுக்கு எழுதுன ஆறு பகடெல்ல, அதாவது ஆறு குட்டி பீஸ எடுத்துக்கோங்க, ஆறும் சேர்ந்து 57 பார்தான் (பார்னா நம்ம தாள ஆவர்த்தனம் மாதிரி ஒரு அளவு), வாசிச்சு முடிக்க நாலு நிமிஷம் சொச்சம். நாலாவது பீஸ் எட்டே பார். அதுல ஒரு சுரத்த உருவுனா மிச்சம் சாஞ்சிரும், நல்லா வாசிக்கிறவங்களுக்கே வில்லு நடுங்குற இடம் அது.

அமெரிக்க கம்போசர் ஜான் கேஜ் 1950ல முடிச்ச குவார்டெட் நான் சொல்ல வர்றதுக்கு இன்னும் கிட்ட வரும். நியூயார்க்ல அவர்கிட்ட வெஸ்டர்ன் மியூசிக் கத்துக்கிட்டு, பதிலுக்கு நம்ம நாட்டு சங்கீதத்த அவருக்கு சொல்லிக்கொடுத்தவங்க அகமதாபாத் கீதா சாராபாய். கேஜ் நம்ம ஊர் சிந்தனையில இருந்து ஆக்கல், காத்தல், அழித்தல், அப்புறம் ஒரு அமைதின்னு நாலையும் நாலு பருவத்தோட சேர்த்து நாலு மூவ்மென்ட் வெச்சார். குளிர்காலம் அசையவே அசையாம ரொம்ப நேரம் கிடக்கும், அது விட்டதும் வசந்தம் ஒன்றரை நிமிஷத்துல துள்ளி முடிஞ்சிரும். எந்த பருவத்துக்கு எவ்வளவு நேரம்னு அந்த பருவமே சொல்லிருச்சு, எனக்கு கண்ணு திறந்த இடம் அதுதான்.

நான் திருச்சில வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். நிலமும் பொழுதும்தான் முதற்பொருள்னு தொல்காப்பியம் சொல்லுதே, அதை பிடிச்சுக்கிட்டு சிறுபொழுது ஆறுக்கும் ஆறு குவார்டெட் பீஸ் எழுதிட்டு வர்றேன், மூணு முடிஞ்சிருக்கு. வைகறைக்கு எடுத்துக்கிட்டது எங்க வீட்டுக்கு பின்னாடி வேலியில கத்துற செண்பகப் பறவை, இருட்டு விலகுறதுக்கு முன்னாடியே ஊப் ஊப் ஊப்னு அடித்தொண்டையில ஆரம்பிச்சு வேகம் பிடிச்சு இறங்கி நின்னுரும், கொஞ்சம் விட்டு தூரத்துல இன்னொண்ணு பதில் குடுக்கும். முதல்ல அதை செல்லோவுக்கும் வயோலாவுக்கும் பிரிச்சு அஞ்சு நிமிஷத்துக்கு இழுத்தேன், செத்துப்போச்சு. அப்புறம் செல்லோ விரலால சுண்டுறது ஒரு தடவ, வயோலா குதிரைக்கு (தந்திய தாங்குற கட்டை) பக்கத்துல வில்லு வெச்சு கரகரன்னு பதில் ஒரு தடவ, நடுவுல வயலின் ரெண்டும் சத்தத்த அடக்குற மியூட் போட்டு ஒரே சுரத்த பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுன்னு குறைச்சு குறைச்சு ஒன்றரை நிமிஷத்துக்கு கொண்டு வந்தப்புறம்தான் அது வைகறையாச்சு. ஏன்னா அந்த நேரமே அவ்வளவுதாங்க, காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள விடிஞ்சிருது.

இதை ஒரு கச்சேரி நடத்துறவங்ககிட்ட கொண்டு போனேன், மூணு மாசம் உழைச்ச நோட்ட புரட்டி கூட பாக்காம, "ஒன்றரை நிமிஷத்துக்கு யாரு மேடை போடுவா, பெருசா எழுதிட்டு வாங்க"ன்னுட்டாங்க. அன்னிக்கு பஸ்ல வர்றப்ப வந்த வருத்தம், உங்க பேப்பர்ல அந்த வரிய பாத்ததும் மறுபடி வந்துச்சு. உங்க பேப்பர்ல வந்தா நாலு பேர் நம்புவாங்க, எழுதலாம்னு நினைக்கிற பசங்களும் அதை படிச்சிட்டு கைய கட்டிக்குவாங்க.

அதனால அடுத்த தடவ இந்த பக்கத்துல சின்ன பீஸுக்குன்னு தனியா ஒரு கட்டுரை போடுங்க, எதை கேக்கலாம், எத்தனை நிமிஷம்னும் சேர்த்து போடுங்க. வாசிக்கிறவங்க காலையில டீ குடிக்கிற நேரத்துல வெபர்ன் ஆறையும் கேட்டு முடிச்சிரலாம்.

இப்படிக்கு,
ஒரு வயலின் டீச்சர், திருச்சி