ஆஸ்திரேலியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்: கடன் ஆலோசகராக ஒருவரைப் படிக்க அனுப்புங்கள்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பணம் பற்றிய மாலைநேரக் கருத்தரங்குகளை நம் அமைப்புகள் பலவும் ஆர்வத்துடன் நடத்தி வருகின்றன. வீட்டுக்கடன் தரகர் ஒருவரும் கணக்காளர் ஒருவரும் வந்து வட்டி விகிதம், முதலீட்டு வீடு, ஓய்வூதியச் சேமிப்பு என்று பேசுவார்கள். அரங்க வாடகையைச் சில வேளைகளில் அவர்களே ஏற்றுக்கொள்வதும் உண்டு. ஆனால் கடனில் கழுத்தளவு நிற்பவர் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வந்தாலும், அறிந்த முகங்களுக்கு நடுவே எழுந்து நின்று கேட்க அவருக்கு வாய் வராது. அவருக்கு உதவக்கூடியவர் வேறு வகைப்பட்ட ஒருவர். அத்தகைய ஒருவரை உருவாக்க உங்களால் இயலும் என்று நம்புவதால் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கிலத்தில் பைனான்சியல் அட்வைசர் வேறு, பைனான்சியல் கவுன்சிலர் வேறு. தமிழில் இருவரையும் நிதி ஆலோசகர் என்றே சொல்லிவிடுகிறோம். கவுன்சிலர் என்று அப்படியே சொன்னால் நகராட்சித் தேர்தலில் நின்றவரா என்று கேட்கிறார்கள். இம்மடலில் இரண்டாமவரை, அதாவது கடனில் சிக்கியவருக்கு வழிகாட்டுபவரை, கடன் ஆலோசகர் என்றே எழுதுகிறேன். அட்வைசர் முதலீடும் காப்புறுதியும் பரிந்துரைத்துக் கட்டணம் பெறுபவர். கடன் ஆலோசகர் வாடிக்கையாளரிடம் ஒரு காசும் பெறக்கூடாது. கடன் கொடுத்தவரிடம் தரகு வாங்கவும் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு கடன் சிக்கலைத் தீர்த்துத் தருவதாகச் சொல்லும் நிறுவனங்கள் 2021 ஜூலை 1 முதல் கடன் உரிமம் பெற்றே இயங்க வேண்டும். கடன் ஆலோசகருக்கு அந்த உரிமத் தேவையிலிருந்து விலக்கு உண்டு. சேவை இலவசமாக இருப்பதும், ஆலோசகர் உரிய பயிற்சி பெற்றுத் தொழில்சார் சங்கத்தில் சேர்ந்திருப்பதும் அந்த விலக்கின் நிபந்தனைகள். ஆகவே நல்லெண்ணமும் கணக்கறிவும் உள்ள எவரும் சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்து செய்துவிடக்கூடிய பணியன்று இது.

இதற்கான படிப்பு நிதி ஆலோசனை டிப்ளோமா. அதன் ஒரு பாதி சட்டம்: கடன் விதித்தொகுப்பு, 1966ஆம் ஆண்டின் திவால் சட்டம், மின்சார, தொலைபேசி நிறுவனங்களின் கடமைகள், அரசு உதவித்தொகை விதிகள். மறுபாதி மனிதரோடு பேசும் முறை: அழுதுகொண்டிருப்பவரிடமிருந்து கணக்கு விவரம் கேட்பது எப்படி, சூதாட்டப் பழக்கத்தை ஒளிப்பவரிடம் எப்படிப் பேசுவது, கணவர் வாங்கவைத்த கடனுக்குக் கையெழுத்திட்ட பெண்ணை அடையாளம் காண்பது எப்படி என்பவை. சீதனம் கேட்டு வற்புறுத்துவதைக் குடும்ப வன்முறைக்கு எடுத்துக்காட்டாக விக்டோரியா மாநிலம் 2018இல் சட்டத்திலேயே எழுதியது. ஆனால் அந்தச் சொல்லை வாடிக்கையாளர் நேராகச் சொல்லமாட்டார். ‘வீட்டுக்காரர் பக்கம் கொஞ்சம் கொடுக்க வேண்டியிருந்தது’ என்பார். அதைக் கேட்டவுடன் புரிந்துகொள்ளும் காது நம்மவர்களுக்கு இருக்கிறது. அந்தக் காதுக்குச் சட்டத்தைக் கற்றுக்கொடுப்பதே படிப்பின் பயன்.

அரைகுறை அறிவு என்ன செய்யும் என்பதற்கு அடிக்கடி காணும் ஒரு நிலைமையைச் சொல்கிறேன். ஒருவருக்கு மூன்று கடன் அட்டைகள், ஒரு கார் கடன். அத்துடன் மைத்துனரிடம் வாங்கிய தொகை ஒன்று, நண்பர்கள் நடத்தும் சீட்டில் எடுத்துவிட்டு இன்னும் கட்டிமுடிக்காத தவணைகள். திவாலுக்கு விண்ணப்பித்தால் எல்லாக் கடனும் போய்விடும் என்று யாரோ சொல்கிறார்கள். இவரும் மானத்துக்கு அஞ்சி, கையில் உள்ளதை முதலில் மைத்துனருக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டு விண்ணப்பிக்கிறார். முந்தைய ஆறு மாதங்களுக்குள் கடன் கொடுத்தவர்களில் ஒருவருக்கு மட்டும் முன்னுரிமை கொடுத்துச் செலுத்திய தொகையை, திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் திவால் பொறுப்பாளர் திரும்பக் கோர முடியும் என்பது அவருக்குத் தெரியாது; மைத்துனர் வீட்டுக்கு அறிவித்தல் போன பிறகே தெரியவரும். சீட்டுக் கடனையும் பட்டியலில் காட்டியாக வேண்டும் என்பதும், தம்பி பிணை நின்ற கடனில் தாம் விடுபட்டாலும் தம்பி விடுபடமாட்டார் என்பதும், நீதிமன்ற அபராதமும் பிள்ளை பராமரிப்புத் தொகையும் பல்கலைக்கழகக் கட்டணக் கடனும் திவாலிலும் அழியா என்பதும் அப்படியே. திவால் நிலை பொதுவாக மூன்று ஆண்டும் ஒரு நாளும் நீடிக்கும்; தேசியப் பதிவேட்டிலோ பெயர் நிரந்தரமாக இருக்கும்.

இவருக்குத் திவாலே தேவைப்பட்டிருக்காமலும் போகலாம். கட்ட இயலாத நிலை வந்துவிட்டது என்று கடன் கொடுத்தவரிடம் வாய்மொழியாகச் சொன்னாலே அது சட்டப்படியான அறிவித்தல். நிறுவனம் 21 நாட்களுக்குள் பதில் தரவோ மேலதிக விவரம் கேட்கவோ வேண்டும். மறுத்தால், 2018 நவம்பர் முதல் இயங்கிவரும் நிதிப் புகார் ஆணையத்திடம் இலவசமாக முறையிடலாம். எந்த வழியை எப்போது எடுப்பது என்று தீர்மானிக்கும் திறனை ஒருநாள் பட்டறையில் ஊட்டிவிட முடியாது.

மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்று கேட்கலாம். தேசிய மொழிபெயர்ப்புச் சேவையை நானும் அன்றாடம் பிற மொழியினருக்காக அழைக்கிறேன்; அதில் பணிபுரிவோர் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் இலங்கையிலிருந்து வந்தவருக்கு ‘வங்குரோத்து’ என்றும், தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு ‘மஞ்சள் நோட்டீஸ்’ என்றும் திவால் என்ற சொல் காதில் விழும்போது, சட்டத்தின் பொருளைவிட அவமானமே முந்திக்கொள்கிறது. அதை முதலில் பேசித் தணித்துவிட்டுப் பிறகு சட்டத்துக்கு வருவது ஆலோசகரின் வேலை. சொன்னதைச் சொன்னபடி பெயர்க்கக் கடமைப்பட்டவரிடம் அதை எதிர்பார்ப்பது முறையன்று.

2021 கணக்கெடுப்பின்படி ஆஸ்திரேலியாவில் வீட்டில் தமிழ் பேசுவோர் தொண்ணூறாயிரத்துக்கும் அதிகம். அப்படியிருந்தும் ஏன் நம்மவர் இப்படிப்பை முடிப்பது அரிதாக இருக்கிறது? ஆர்வம் இல்லாமல் அன்று. வகுப்புகளை மாலையிலோ இணையவழியிலோ சமாளித்துவிடலாம், இடறுவது களப்பயிற்சியில். ஒரு சேவை நிறுவனத்தில், அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவரின் கண்காணிப்பில், உண்மையான வாடிக்கையாளர்களோடு வாரக்கணக்கில் ஊதியமின்றி உட்கார வேண்டும். நான் படித்தபோது இடம் கேட்டு எழுதிய நிறுவனங்களில் பெரும்பாலானவை கண்காணிக்க ஆள் இல்லை என்றே பதில் தந்தன. இடம் கிடைத்தபோது வேலையில் சம்பளமில்லா விடுப்பு எடுத்தேன். எனக்குத் துணைவரின் வருமானம் இருந்தது. என்னோடு படித்த இருவருக்கு அது இல்லை. இருவரும் பாதியில் நின்றார்கள். ஆசிரியம், செவிலியம், மகப்பேற்றுச் செவிலியம், சமூகப்பணி ஆகியவற்றின் மாணவர்களுக்குக் களப்பயிற்சிக் கால உதவித்தொகையை மத்திய அரசு 2025 ஜூலை 1 முதல் வழங்குகிறது. அந்தப் பட்டியலில் இந்தப் படிப்பு இல்லை. களப்பயிற்சியைக் குறைக்கச் சொல்லி எவரும் கேட்கக்கூடாது. நான் இத்தொழிலைக் கற்றது அங்கேதான். அந்த வாரங்களில் பயிற்சியாளரின் வீட்டு அடுப்பு எரிய வேண்டும் என்பதே கேள்வி.

ஆகவே என் வேண்டுகோள் எளியது. ஆண்டுவிழாச் செலவில் ஒரு சிறு பகுதியையோ, ஒரு கருத்தரங்கத் தொடருக்கான தொகையையோ ஒதுக்கி, மாநிலத்துக்கு ஒருவருக்கேனும் களப்பயிற்சிக் காலத்துக்கான வாழ்க்கைச் செலவைக் கொடுங்கள். தேர்வு செய்யும்போது கணக்குப் படித்தவரை மட்டும் பார்க்காதீர்கள். முதியோர் பராமரிப்பிலோ அகதிகள் சேவையிலோ பணிபுரிந்து, பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டுப் பழகியவர் பெரும்பாலும் நன்றாக வருவார். ஒரு நிபந்தனை: தகுதி பெற்றபின் அவர் உங்கள் சங்கத்தில் அமரக்கூடாது, பொதுவான சேவை நிறுவனம் ஒன்றில் பணியாற்ற வேண்டும். நம் சமூகம் சிறியது; கோயிலிலும் பள்ளி வாசலிலும் எதிர்ப்படும் ஒருவரிடம் கடனைச் சொல்ல எவரும் தயங்குவர். சங்கத் தலைவருக்குத் தெரியவராது என்ற உறுதி இருந்தால்தான் கதவைத் தட்டுவார்கள். யார் வந்தார் என்று நீங்களும் ஒருபோதும் கேட்கக்கூடாது, அறிக்கைக்காகக்கூட.

அவர் படித்து முடிக்கும்வரை, உங்கள் அறிவிப்புப் பலகையில் தேசியக் கடன் உதவித் தொலைபேசி எண்ணாகிய 1800 007 007 என்பதைத் தமிழில் ஒரு வரியோடு ஒட்டிவையுங்கள். கழிப்பறைக் கதவின் உட்பக்கமே அதற்குச் சிறந்த இடம். அங்கே எவரும் பார்க்காமல் எழுதிக்கொள்ளலாம்.

அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்க்கக் கோருகிறேன். அழைத்தால் நேரில் வந்து விளக்கவும், தேர்வாகிறவருக்குக் களப்பயிற்சி இடம் தேடித் தருவதில் உதவவும் அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
மெல்பேர்னில் பணிபுரியும் கடன் ஆலோசகர் ஒருவர்