சிவப்பு டேக்

தோஹா
வெள்ளிக்கிழமை மாலை

அன்புள்ள அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நான் சுகம். நீங்களும் அம்மாவும் தங்கச்சியும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். தினமும் போனில் பேசுகிறவன் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் சொன்னால் அம்மா பாதியிலேயே போனைப் பிடுங்கிக்கொண்டு அழுவாள், சொல்ல வந்தது சொல்லாமலே போய்விடும். என் அறையில் இருக்கும் காயல்பட்டினத்து அண்ணன் நாளைக்கு லீவில் வருகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் தனியாகப் படித்துவிட்டு, அம்மாவிடம் எவ்வளவு சொல்லலாமோ அவ்வளவு சொல்லுங்கள்.

அங்கே ஜெபிக்க விடுகிறார்களா என்று நம் சபை ஐயர் கேட்டாராமே. விடுகிறார்கள் என்று சொல்லுங்கள். மிசைமீர் என்ற இடத்தில் அமீர் கொடுத்த நிலத்தில் பல சபைகளுக்கு இடம் இருக்கிறது. கத்தோலிக்கரின் ஜெபமாலை மாதா கோயில் 2008-ல் திறந்தார்கள். நாங்கள் கூடுவது ஆங்கிலிக்கன் சபைக் கட்டடத்தில். வெளியே சிலுவை கிடையாது, மணி கிடையாது. வாசலில் அடையாள அட்டையைப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை. ஹால் மணிக்கணக்குக்கு என்பதால், எங்கள் தமிழ் ஆராதனை முடிவதற்குள் அடுத்த சபைக்காரர்கள் கதவருகே வந்து நிற்பார்கள். அதனால் பிரசங்கம் நீளாது. (இதை மட்டும் ஐயரிடம் சொல்லவேண்டாம்.) அந்த வளாகத்துக்கு வெளியே கூட்டமாகக் கூடி ஆராதிக்கவோ பிரசங்கிக்கவோ சட்டம் இடம் தராது. கேம்பில் அவரவர் கட்டிலில் அவரவர் ஜெபம். காயல்பட்டினத்து அண்ணன் விடியற்காலைச் சுபுஹு தொழுகைக்கு எழும்பும்போது என் கட்டிலையும் ஒரு தட்டு தட்டுவார். “எழும்பு, நீயும் உன் ஜெபத்தைப் பண்ணு” என்பார். வீட்டை விட்டுக் கிளம்பும்போது எதிர்ப்பு அந்தப் பக்கமிருந்துதான் வரும் என்று நினைத்திருந்தேன்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். சாரத்தைச் சோதித்து டேக் மாட்டுவது. ஏணி ஏறும் இடத்தில் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் ஏறலாம், சிவப்பு என்றால் ஏறக்கூடாது. ஏழு நாளைக்கு ஒருமுறை அடியிலிருந்து நுனிவரை பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்து வைக்கவேண்டும். பெருங்காற்று அடித்துவிட்டால் அந்த ஏழு நாள் கணக்கு செல்லாது, உடனே மறுபடி பார்த்தாகவேண்டும். ஜூன் மாதத்தில் இங்கே ஷமால் என்று ஒரு வடமேற்குக் காற்று மணலை வாரிக்கொண்டு வரும். நம் ஆடிக்காற்றெல்லாம் அதற்கு முன்னால் விசிறிக் காற்று.

போன வாரம் இரண்டு நாள் அடித்து ஓய்ந்தது. மறுநாள் விடியற்காலை நாலரைக்கு சைட்டில் இருக்கிறோம். ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணியிலிருந்து 3.30 வரை வெயிலில் வேலை செய்யக்கூடாது என்பது இங்கே சட்டம். பத்து மணிக்குள் மேல்தளம் பூசி முடிக்கவேண்டும் என்று ஃபோர்மேனுக்கு அவசரம். “தம்பி, தேதியை மட்டும் மாத்திப் போடு, ஆளை ஏத்தணும்” என்றார். நான் குனிந்து பார்த்தேன். அடிப்பலகைக்குக் கீழே மணல் அரித்துப்போய், ஒரு மூலை விரல்கடை உயரத்துக்கு அந்தரத்தில் நின்றது. மூன்றாம் தட்டில் சுவரோடு பிணைக்கும் டை இரண்டைக் காணோம். பூசுவதற்கு இடைஞ்சல் என்று யாரோ கழற்றியிருக்கிறார்கள்.

அந்த ஃபோர்மேன் யாரென்று கேட்காதீர்கள். நம் ஆள்தான். ஆராதனையில் எனக்கு முன்வரிசையில் உட்காருகிறவர். சிரித்துக்கொண்டே, “கர்த்தர் காப்பார் தம்பி. இதுக்குக்கூட விசுவாசம் இல்லையா உனக்கு?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி படுத்த பிறகுதான் வந்தது. இயேசுவைத் தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, தாழக் குதியும் என்ற பிசாசும் வசனம் சொல்லித்தானே கூப்பிட்டான்! நல்ல பதிலெல்லாம் எனக்கு எப்போதும் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் வரும்.

தைரியமாகப் பேசினேன் என்று எழுத ஆசைதான். கால் நடுங்கியது அப்பா. ராஜா ஏன் முகவாட்டம் என்று கேட்டபோது மிகவும் பயந்துபோனதாக வேதத்தில் நெகேமியாவே எழுதிவைத்திருக்கிறாரே, அது ஞாபகம் வந்தது. வாயைத் திறப்பதற்கு முன் அவர் ஒரு ஜெபம் செய்கிறார். ராஜா எதிரே நிற்கும்போது அது எவ்வளவு நேரம் இருந்திருக்கும், ஒரு மூச்சு இழுக்கிற நேரம். என்னுடையது அதைவிடச் சின்னது. “ஆண்டவரே” என்றேன், அவ்வளவுதான். பச்சையைக் கழற்றிச் சிவப்பை மாட்டினேன். “கையெழுத்து வைக்க மாட்டேன் அண்ணே.” அதற்குமேல் ஒரு சொல் வரவில்லை.

பூச்சு வேலைக்காரர் பதினாலு பேர் அன்றைக்குச் சும்மா உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஓவர்டைம் போயிற்று. ஃபோர்மேன் கோபத்தைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர்களும் வட்டி கட்டுகிறவர்கள், வீட்டுக்கு அனுப்புகிறவர்கள். மெஸ்ஸில் நான் தட்டோடு போனால் பெஞ்சில் இடம் விடவில்லை. “பாஸ்டர் வாராரு, சோத்துல சிவப்பு டேக் மாட்டிருவாரு” என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது.

ஃபோர்மேன் மூன்று தரம் டீ குடிக்கக் கூப்பிட்டார். எருசலேம் அலங்கத்தைக் கட்டவிடாமல் தடுக்கப் பார்த்த சன்பல்லாத்து, ஓனோ பள்ளத்தாக்குக்கு வா, பேசிக்கொள்ளலாம் என்று நாலு தரம் ஆளனுப்பியும் நெகேமியா போகவில்லை. எனக்கு அவ்வளவு திராணி இல்லை. மூன்று தரமும் போனேன், டீயைக் குடித்தேன், கையெழுத்து வைக்காமல் திரும்பினேன். மறுநாள் மதியத்துக்குப் பிறகு மணலைக் கெட்டித்துப் பலகையைச் சரியாக வைத்து, டை இரண்டையும் மாட்டினார்கள். ஏறிப் பார்த்துவிட்டுப் பச்சை போட்டேன்.

போன சனிக்கிழமையிலிருந்து என்னைச் சனையாவில், அதாவது தொழிற்பேட்டையில், ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். சாரக் குழாய்களைப் பிணைக்கும் கிளாம்ப் எண்ணுகிற வேலை. ஓவர்டைம் கிடையாது. மாதம் முந்நூறு ரியால் குறையும் அப்பா. இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தது இதைச் சொல்லத்தான். தங்கச்சி பீஸை இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள்.

முதலூர் ஆச்சி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் நீங்கள் சொல்வீர்களே, 1799-ல் உபதேசியார் தாவீது சுந்தரானந்தம் அடிபட்டு நின்ற விசுவாசிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அந்த ஊரை உண்டாக்கிய கதை. சின்ன வயதில் அதில் எனக்கு ஒரு மனக்குறை இருந்தது. ஏன் எதிர்த்து நிற்கவில்லை, ஏன் விட்டுவிட்டு வந்தார்கள் என்று நினைப்பேன். வந்த இடத்தில் மறுபடி ஜெபவீடு கட்டினார்கள் என்றும் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், அது என் காதில் விழவில்லை. ஸ்டோரில் ஒரு மூட்டைக்கு ஐம்பது கிளாம்ப் என்று எண்ணும்போது இதையெல்லாம் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது.

இன்று ஆராதனையில் ஒருவருக்கொருவர் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் ஃபோர்மேன் திரும்பித்தான் ஆகவேண்டியிருந்தது. கையைக் கொடுத்தார், முகத்தைக் கொடுக்கவில்லை. நானும் கீழே பார்த்துக்கொண்டேதான் கொடுத்தேன்.

காயல்பட்டினத்து அண்ணன் திரும்பும்போது முதலூர் மஸ்கோத் அல்வா இரண்டு கிலோ கொடுத்தனுப்புங்கள். அதில் ஒரு கிலோ அந்த ஃபோர்மேனுக்கு. சண்டைக்கு முந்தியே கேட்டிருந்தார், வாங்கித் தருகிறேன் என்று நானும் சொல்லிவிட்டேன். இரண்டையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள், இங்கே வந்து பிரித்தால் கையெல்லாம் தேங்காய் எண்ணெய்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்